துவக்கா, தோட்டாவா?

விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. வெடியும் இல்லை, தோளில் உதையும் இல்லை. அண்ணர் அசையவே இல்லை. கன்னம் மரக்கட்டையில் பதிந்தபடி, குழலின் வாய் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்த மண்மேட்டை நோக்கியபடி அப்படியே இருந்தார்.

"கிட்ட வராதேங்கோ தம்பி. ஒரு நிமிசம் பொறுங்கோ."

வெடிக்காத தோட்டா எல்லாமே செத்த தோட்டா அல்ல. உள்ளே பொறி மெதுவாகக் கனன்று, சில நொடிகள் கழித்து வெடிப்பதும் உண்டு. அந்த நேரம் பார்த்து, குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்துவிட்டால், வெடிப்பு குழலுக்குள் அடங்காமல் முகத்தை நோக்கி வரும். அதனால்தான் கனடாவில் துப்பாக்கி உரிமத்துக்கான பாதுகாப்பு வகுப்பில் இந்தக் காத்திருப்பை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெப்பநிலை சைபருக்குக் கீழே 17. அந்த ஒரு நிமிடம் நீளமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் போல்ட்டைத் திறக்கவில்லை. அதன் பின்முனையில் துருத்திக்கொண்டிருந்த குமிழைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். 'களக்' என்று நின்றது. லீ-என்ஃபீல்ட் ரைஃபிளில் இது ஒரு வசதி. போல்ட்டைத் தொடாமலேயே ஊசியை மறுபடி நாணேற்றலாம். திரும்பவும் விசையை இழுத்தார். இந்த முறை வெடித்தது.

"ரெண்டாம் அடியில வெடிச்சதும் ஒரு சாட்சிதான். எழுதி வையுங்கோ" என்றார்.

மொன்றியலுக்கு வடமேற்கே லஷூட் ஊரைத் தாண்டி, பனி மூடிய ஒரு சுடுதளம். அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் வந்தவர். ஓய்வு பெறும்வரை லேத் பட்டறையில் மெஷினிஸ்ட் வேலை. நவம்பர் மான் வேட்டைக் காலத்தில், காத்திருந்து காத்திருந்து எதிரே வந்து நின்ற கொம்பன் மானை நோக்கி இழுத்த விசையில் இதே 'டிக்' கேட்டிருக்கிறது. மான் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு நிதானமாகப் போய்விட்டதாம். தோட்டாக்கள் அவரே வீட்டில் நிரப்பியவை. துப்பாக்கி, டொராண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் ஆலையில் இரண்டாம் உலகப் போரின்போது செய்யப்பட்ட நம்பர் 4 ரகம். நம்மூரில் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய 'த்ரீ நாட் த்ரீ'யின் தம்பி என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டால் ஒன்றும் தவறவில்லை, வீட்டில் நிரப்பியதில்தான் ஒரு பெட்டிக்கு மூன்று நான்கு அடம்பிடிக்கின்றன என்றார். அப்படியானால் குற்றவாளி தோட்டாதானே, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "வந்து பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காலையில் கோட்-டே-நேஜ் வீட்டிலிருந்து கிளம்பி, குயின் மேரி சாலையில் '1989 டிசம்பர் 6' என்று தேதியையே பெயராகக் கொண்ட சிறு சதுக்கத்தைக் கடந்துதான் நெடுஞ்சாலைக்கு வந்தோம். அன்று பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். 2006 செப்டம்பர் 13 அன்று டாசன் கல்லூரியில் மறுபடியும் சூடு நடந்து ஒரு மாணவி இறந்தாள். இந்த நகரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் வாய் திறப்பதில்லை. கூட்டரசின் உரிமம் ஒரு பக்கம் இருக்க, 2018 ஜனவரி முதல் கியூபெக் மாகாணம் நீள்குழல் துப்பாக்கிகளுக்கென்று தனிப் பதிவேடும் வைத்திருக்கிறது. அண்ணரிடம் எல்லாம் காகிதத்தில் சரியாக இருக்கிறது. காரின் பின்பெட்டியில் துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா இன்னொரு பெட்டியில்.

சுடுதளத்துக்குப் பக்கத்து ஊர் பிரௌன்ஸ்பர்க். 1886-ல் ஆர்தர் ஹோவர்ட் என்பவர் டொமினியன் கார்ட்ரிஜ் கம்பெனியைத் தொடங்கிய இடம். அதற்கு முந்தைய ஆண்டு கனடாவின் வடமேற்குக் கிளர்ச்சியில் கேட்லிங் துப்பாக்கியை இயக்கிப் பெயர் வாங்கியவர் அவர். கியூபெக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக மான் விழுந்தது அந்த ஆலைத் தோட்டாவில்தான். அதன் நிழலில் வந்து வீட்டுத் தோட்டாவைச் சோதிப்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. அண்ணருக்கு அப்படியொன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை.

வெடிக்காத தோட்டாக்களை அவர் வரிசையாக ஒரு மரப்பலகையில் நிறுத்தி வைத்தார். ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் பூதக்கண்ணாடியில் காட்டினார். நடுவே செம்பு நிறத்தில் பட்டாணியை விடச் சிறிய வட்டம், அதுதான் பிரைமர். அதற்குள் ஒரு துளி வெடிமருந்துக் களிம்பு. அதற்கு மேலே அடைகல் போல ஒரு குட்டி உலோகத் துண்டு. ஊசி வெளியிலிருந்து குத்தும்போது களிம்பு இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப் பொறி பறக்கிறது. அந்தப் பொறி ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. வெடித்த கடைத் தோட்டாவின் கோதில், அதாவது மிஞ்சிய பித்தளைக் கூட்டில், ஊசி பதித்த பள்ளம் கிண்ணம் போல ஆழமாக இருந்தது. அடம்பிடித்த தோட்டாக்களில் பள்ளம் ஆழமில்லை, தொட்டுவிட்டு ஓடியது போல இருந்தது.

"இதைப் பாத்தா என்ன சொல்லுவீங்கள்?"

"ஊசி சரியாகக் குத்தவில்லை. அப்படியென்றால் துப்பாக்கிதான் காரணம்."

"காலமை தோட்டா எண்டனீங்கள். இப்ப துவக்கு எண்டுறீங்கள்." சிரித்தார். "விரலை வைச்சுத் தடவிப் பாருங்கோ."

கையுறையைக் கழற்றித் தடவினேன். கடைத் தோட்டாவில் பிரைமர் இருப்பதே தெரியாமல் விரல் வழுக்கியது. சரியாகச் சொன்னால் ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு. அவருடைய தோட்டாக்களில் சிலவற்றில் விரல் தடுக்கியது. பிரைமர் குழியின் அடிவரை போய் உட்காராமல் கொஞ்சம் மேலே நிற்கிறது. அப்படி நின்றால் முதல் குத்தின் பலம் முழுவதும் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் குத்து வரும்போது பிரைமர் அடியில் உட்கார்ந்திருக்கும், அதனால் வெடிக்கும். காலையில் எழுதி வைக்கச் சொன்ன சாட்சி இதற்குத்தான்.

அத்துடன் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். அவர் முடித்துவிட விரும்பவில்லை.

திரும்பும் வழியில் கார் ஹீட்டரில் கை காய்ந்ததும் அவர் ராஸ் ரைஃபிள் கதையை எடுத்தார். இதே .303 தோட்டா, இதே நாடு, இதே கேள்வி. சர் சார்ல்ஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபுவிடம் 1903-ல் கனடா அரசு ஒப்பந்தம் போட்டது. கியூபெக் நகரில் ஆலை எழுந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் செய்யப்பட்டன. போல்ட்டைத் திருப்ப வேண்டாம், நேராக இழுத்துத் தள்ளினால் போதும். போட்டிகளில் பரிசு பரிசாக வாங்கியது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, மொன்றியலின் பிளாக் வாட்ச் அனுப்பிய 13ஆம் பட்டாலியனும் ராயல் மொன்றியல் ரெஜிமெண்டின் 14ஆம் பட்டாலியனும் இந்தத் துப்பாக்கியோடுதான் அங்கே நின்றன. வேகமாகச் சுடச் சுட போல்ட் இறுகிக்கொண்டது. பூட்ஸ் காலால் உதைத்தும், மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தார்கள். அந்தச் சண்டையில் பிழைத்த கனடியர்களில் 1,452 பேர் ராஸை எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ்காரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கிருக்கிறது.

படைவீரர்கள் துப்பாக்கியைத் திட்டினார்கள். ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் பிரிட்டிஷ் தோட்டாவைத் திட்டினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அவசரத்தில் பல ஆலைகளில் செய்த பிரிட்டிஷ் தோட்டாக்கள் அளவில் சற்றுப் பெருத்திருந்தன. அதே அளவுகளை லீ-என்ஃபீல்டின் தாராளமான அறை விழுங்கிக்கொண்டது, ராஸின் இறுக்கமான அறை விழுங்கவில்லை. இறுகிய போல்ட்டை ஓங்கி இழுக்கும்போது அதன் மரை வெட்டிய பல் ஒரு சின்னத் தடுப்பில் போய் மோதி நசுங்கியது. நசுங்கிய பல்லால் அடுத்த முறை இன்னும் இறுகியது. தோட்டா தொடங்கிவைத்ததைத் துப்பாக்கி முடித்துவைத்தது. கியூபெக் ஆலையில் செய்த தோட்டா போட்டுச் சோதித்தவரை அந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. தோட்டாவைப் பொறுக்கி எடுத்துச் சுட்ட குறிசுடுநர்கள் கடைசிவரை ராஸைக் கைவிடவில்லை, ஒஜிப்வே இனத்து வீரர் பிரான்சிஸ் பெகமகபோ உட்பட. தளபதி ஆல்டர்சன் குறையை எடுத்துச் சொன்னார், ஹியூஸின் பகையைச் சம்பாதித்தார், 1916-ல் பதவியை இழந்தார். அதே ஆண்டில் கனடியப் படை முழுவதும் லீ-என்ஃபீல்டுக்கு மாறியது.

"எல்லாரும் துவக்கா தோட்டாவா எண்டுதான் கேப்பினம். ரெண்டிலயும் அரைவாசிப் பிழை இருக்கும் எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்ல" என்றார் அண்ணர். பட்டறையில் முப்பது வருடம் வெர்னியர் பிடித்தவர் சொல்கிறார். கேட்டுக்கொண்டேன்.

அவருடைய நிலவறை ஓர் ஆய்வுக்கூடம்தான். மேசையில் திருகி வைத்த பிரஸ், துல்லியத் தராசு, வரிசையாக டைகள், தேதியும் அளவும் எழுதிய குறிப்பேடு. ஒரு மூலையில் சரஸ்வதி படமும் நாள்காட்டியும். முதலில் வெடிக்காத தோட்டாக்களில் சிலவற்றைப் பிரித்தார். சுத்தியல் போன்ற ஒரு பிளாஸ்டிக் கருவிக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று கருவிக்குள்ளேயே தங்கிவிடும். மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டினார். பிரைமர் வெடித்தும் மருந்து பற்றாமல் போயிருந்தால் மணிகள் கருகி, கட்டிபட்டு இருக்கும். இவை உலர்ந்து பளபளத்தன. எண்ணெய்க் கறை இல்லை. கோதை உருமாற்றும்போது தடவும் மசகு எண்ணெய் பிரைமருக்குள் புகுந்து அதைக் கெடுப்பது இந்தத் தொழிலில் பழைய குற்றவாளி. இந்த வழக்கில் அது விடுதலை.

அடுத்து காலிக் கோதுகளின் பிரைமர் குழி. விளக்கின் கீழ் சாய்த்துக் காட்டினார். ஓரங்களில் கறுப்பாகப் படிந்திருந்தது சாம்பல். முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுப்பாராம். கண் மங்கத் தொடங்கியபின் அந்தப் படியைத் தாண்டிவிட்டிருக்கிறார். சாம்பல் படிந்த குழியில் பிரைமர் எப்படி முழுதாக உட்காரும்? தோட்டாவின் பாதிக் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மீதிப் பாதிக்குத் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றினார். லீ-என்ஃபீல்டில் ஊசியை வெளியே எடுப்பது லேசான காரியமல்ல. குழாய்க்குள்ளே ஆழத்தில் இரண்டு வெட்டுகள் இருக்கும், அதில் போய்ப் பொருந்தும் தனிக் கருவி வேண்டும். அது இல்லாததாலேயே பலர் அந்தப் போல்ட்டின் உள்ளே பார்த்ததே இல்லை. அண்ணர் ஒரு எஃகுக் குழாயின் நுனியை அரம் போட்டு இரண்டு பல்லாக்கித் தாமே கருவி செய்துகொண்டார். ஊசியும் சுருள்வில்லும் வெளியே வந்தன. வில்லின் சுருள்களுக்கு நடுவே தேன்மெழுகு நிறத்தில் எதுவோ அடைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. பழைய ராணுவக் கிரீஸ். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறதோ.

துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். கையைத் தடுத்துவிட்டார்.

"இப்ப துடைச்சா சாட்சி அழிஞ்சுபோகும். துடைச்சாப் பிறகு நல்லா வெடிச்சா, எது காரணம் எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

எனக்கு இந்த மனிதர் மேல் மதிப்பு கூடிய இடம் அது. வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கையும் மாற்றி, பியூசையும் மாற்றி, மூடியையும் தட்டி, ஓடியதும் எதனால் ஓடியது என்று தெரியாமலே சட்னி அரைக்கிற ஜாதி நான். அவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்.

மற்ற அளவுகளையும் பார்த்தார். ஊசி முனை போல்ட்டின் முகத்துக்கு வெளியே நீளும் அளவு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 40-லிருந்து 50 பங்குக்குள் இருக்க வேண்டும், இருந்தது. அடுத்தது, மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் இடையிலான இடைவெளி. அது கூடிப்போனால் ஊசி குத்தும்போது தோட்டா முன்னே நகர்ந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். நம்பர் 4 ரைஃபிளில் இதைச் சரிசெய்ய 0, 1, 2, 3 என்று எண் பொறித்த போல்ட் தலைகள் உண்டு. எண் கூடக் கூட நீளம் ஒரு துளி கூடும். தேய்ந்த துப்பாக்கிக்கு அடுத்த எண்ணைப் போட்டுத் திருகினால் போதும். போர்க்களத்துப் பட்டறைக்காக யோசித்த ஏற்பாடு. அண்ணருடையதில் 1 இருந்தது, கேஜ் வைத்துப் பார்த்தபோது சரியாகவே இருந்தது. கிரீஸைத் துடைக்காமல் அப்படியே போல்ட்டைப் பூட்டினார்.

அடுத்த சோதனைக்கு மருந்தும் வேண்டாம், குண்டும் வேண்டாம். வெறும் கோதில் பிரைமர் மட்டும் பொருத்திக்கொண்டு மறுபடி லஷூட்டுக்குப் போனோம். பாதிக் கோதுகளின் குழி சுரண்டிச் சுத்தம் செய்தவை, மீதி சாம்பலோடு. போல்ட்டை முதலில் தன் கோட்டின் உள்பையில் வைத்துச் சூடாக்கினார். குண்டு இல்லாவிட்டாலும் குழல் மண்மேட்டைத்தான் பார்த்தது, காதில் கவசமும் இருந்தது. சூடான போல்ட்டுக்குச் சுத்தமான கோதுகள் எல்லாம் 'டப் டப்' என்று வெடித்தன. சாம்பல் கோதுகளிலும் ஒன்றைத் தவிர எல்லாம் வெடித்தன. வெடித்த பிரைமர்கள் கொஞ்சம் பின்னுக்குத் துருத்திக்கொண்டு வந்தன. பயந்தேன். மருந்தின் அழுத்தம் இல்லாதபோது அப்படித்தான் வரும், அது நோய் அல்ல என்றார்.

பிறகு போல்ட்டை மேசை மேல் திறந்த வெளியில் வைத்துவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்துப் பேசி முடிக்கும்வரை போல்ட் குளிரில் கிடந்தது. எடுத்துப் பூட்டிச் சுட்டார். சுத்தமான கோதுகள் வெடித்தன, ஆனால் ஊசிப் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆழம் குறைந்திருந்தது. சாம்பல் கோதுகள் 'டிக்', 'டிக்', 'டப்', 'டிக்'.

கிரீஸ் குளிரில் கெட்டியாகி ஊசியின் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. சாம்பல் பிரைமரைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் துப்பாக்கி தாங்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் தாங்குவதில்லை. கடைத் தோட்டா வெடித்ததற்குக் காரணமும் அதுதான். பிரைமர் ஆழமாக உட்கார்ந்திருந்ததால் நோஞ்சான் குத்தே அதற்குப் போதுமாக இருந்தது. அதை வைத்துத் துப்பாக்கி நிரபராதி என்று நான் முதல் நாள் கொடுத்த தீர்ப்பு செல்லாது. கோடையில் சோதித்திருந்தால் பழி முழுவதும் தோட்டா மேல்தான் விழுந்திருக்கும்.

கிரீஸ் விஷயம் வடக்கே இருப்பவர்களுக்குப் புதிதல்ல. ஆர்க்டிக் எல்லையைக் காவல் காக்கும் கனடியன் ரேஞ்சர்கள், பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகள், 1947-லிருந்து இதே லீ-என்ஃபீல்டைத்தான் சுமந்தார்கள். 2018-லிருந்துதான் அவர்களுக்குப் புதிய ரைஃபிள் வரத் தொடங்கியது. கடுங்குளிரில் போல்ட்டின் உள்பாகத்தை எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவி உலர்த்தி வைப்பதுதான் அங்கே வழக்கம்.

அண்ணர் அன்றிரவு போல்ட்டைப் பெட்ரோலியக் கரைப்பானில் ஊறப்போட்டுக் கழுவினார். பிரைமர் குழிகளைச் சுரண்ட, கையால் திருகும் ஒரு சிறு கருவியும் வெளிச்சம் உள்ள பெரிய கண்ணாடியும் வாங்கினார். ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த தோட்டாக்கள் அத்தனையையும் பிரித்துவிட்டார். மேலே நிற்கும் பிரைமரைத் தோட்டா நிரம்பிய நிலையில் அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது விரலோடும் கண்ணோடும் விளையாடுவது என்றார். அதற்குப் பின் நல்ல குளிர் நாளாகப் பார்த்துப் போய், போல்ட்டை மேசையில் உறையவிட்டுச் சுட்டார். ஒன்றும் தவறவில்லை.

வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அண்ணர் சொல்லச் சொன்ன ஒன்று உண்டு. 'டிக்' கேட்டால் பயமில்லை, ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். பயப்பட வேண்டியது, வழக்கமான வெடி இல்லாமல் 'பொப்' என்று மெலிந்த சத்தம் கேட்டு, தோளில் உதையும் இல்லாதபோது. மருந்து இல்லாத தோட்டாவின் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலின் நடுவில் செருகிவிட்டிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். அப்போதும் அதே ஒரு நிமிடம் பொறுத்து, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் பார்த்து, குழல் காலி என்று கண்ணால் கண்ட பிறகே அடுத்ததைப் போடுங்கள்.